பச்சைச் சிறகு நுண்ணோக்கியில் பழுப்பாகத் தெரிவது ஏன்? கட்டமைப்பு நிறம் குறித்து ஒரு கேள்வி

அறிவியல் மன்ற ஆசிரியை, புக்கிட் மெர்தாஜாம்

வணக்கம். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், புக்கிட் மெர்தாஜாமில் ஓர் இடைநிலைப்பள்ளியின் அறிவியல் மன்றத்தைக் கவனித்து வருகிறேன். படிவம் நான்கு மாணவர்கள் சிலர், வண்ணத்துப்பூச்சியின் சிறகில் நிறமியால் அல்லாமல் நுண்ணிய அமைப்பினால் தோன்றும் நிறத்தை, அதாவது கட்டமைப்பு நிறத்தை, தங்கள் ஆய்வுத் திட்டமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுள் ஒருவரின் வீட்டில், தாத்தா காலத்தில் கேமரன் மலைக்குப் போய் வரும் வழியில் வாங்கிய பட்டாம்பூச்சிக் கண்ணாடிச் சட்டம் ஒன்று விரிசல் விட்டுக் கிடந்தது. அதில் மஞ்சளும் சிவப்புமாக இருந்த பூச்சிகள் வெளுத்துப்போய்விட்டன. கரிய சிறகில் மரகதப் பட்டை கொண்ட பப்பிலியோ பாலினுரஸ் மட்டும் நிறம் சிறிதும் மங்காமல் இருக்கிறது. திட்டத்திற்கு வித்திட்டது அந்தப் பூச்சிதான்.

சிக்கல் என்னவென்றால், பள்ளியின் சாதாரண நுண்ணோக்கியில், 4, 10, 40 மடங்கு வில்லைகள் எதை வைத்துப் பார்த்தாலும் அந்தப் பச்சையைக் காண முடியவில்லை. செதில்கள் வரிசையாகத் தெரிகின்றன, ஆனால் எல்லாமே பழுப்பு. கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் கருமையான பரப்பில் நீலமும் பச்சையுமாகச் சில புள்ளிகள் மினுங்குகின்றன. சிறகைச் சற்றே நகர்த்தினால் அவையும் மறைந்துவிடுகின்றன. கண்ணுக்கு இவ்வளவு தெளிவாகத் தெரியும் பச்சை உருப்பெருக்கினால் எங்கே போகிறது?

மேலும் இரண்டு ஐயங்கள் உள்ளன. மாணவர் ஒருவரின் தந்தை, தமக்குத் தெரிந்த ஆய்வகத்தில் வருடு மின்னணு நுண்ணோக்கியில் படம் எடுத்துத் தர முடியும் என்கிறார். அதற்குப் போவது அவசியமா, போனால் அங்கே பச்சை தெரியுமா? அடுத்து, இந்த நிறம் நிறமியால் வரவில்லை என்பதை நடுவர்கள் ஏற்றுக்கொள்ளும் வகையில் எப்படி மெய்ப்பிப்பது? சாலையோரத்தில் இறந்து கிடந்த வேறு இரண்டு பூச்சிகளும் கைவசம் இருக்கின்றன: ஒன்று நீலப்பச்சைப் பட்டை கொண்ட கிராஃபியம் சார்ப்பிடான், மற்றது பின்சிறகு நீலமாக இருக்கும் ஜுனோனியா ஒரிதியா ஆண்.

பழுதாய்வாளன், பாயான் லெப்பாஸ்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நான் சில்லுத் தொழிற்சாலை ஒன்றில் பழுதாய்வுப் பிரிவில் வேலை செய்கிறேன். பூச்சியியல் என் துறையன்று. ஆனாலும் உங்கள் முதல் கேள்விக்கு விடை எங்கள் மேசைமேலேயே இருக்கிறது.

பள்ளி நுண்ணோக்கியில் விளக்கு அடியில் இருக்கிறது. ஒளி பொருளை ஊடுருவி மேலே வந்தால்தான் படம் கிடைக்கும். கட்டமைப்பு நிறமோ திருப்பி அனுப்பப்படும் ஒளியில் உள்ளது. பச்சையைச் செதில் வந்த வழியே திருப்பிவிடுகிறது. ஊடுருவி வரும் மிச்ச ஒளியில் நீங்கள் காண்பது செதிலிலுள்ள மெலனின் என்னும் கரும்பழுப்பு நிறமியை மட்டுமே. எனவே உங்கள் நுண்ணோக்கியில் பழுதேதும் இல்லை, விளக்குதான் தவறான பக்கத்தில் இருக்கிறது.

நாங்கள் பயன்படுத்துவது உலோகவியல் நுண்ணோக்கி. சிலிக்கான் கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஊடுருவ விடாது என்பதால், அதில் ஒளி பொருளருகு வில்லையின் வழியாகவே செங்குத்தாகக் கீழே இறங்கி, பரப்பில் பட்டு, அதே வில்லையின் வழியாகத் திரும்பும். பாலினுரஸின் பச்சைப் பட்டையை அதன் அடியில் வைத்தால், மாணவர்கள் எதிர்பார்க்காத ஒன்றைக் காண்பார்கள்: அங்கே பச்சையே இருக்காது. மஞ்சள் புள்ளிகளும், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு நீல வளையமும்தான் இருக்கும். அவற்றைத் தனித்தனியாகப் பிரித்தறிய முடியாத நம் வெறுங்கண் இரண்டையும் கலந்து பச்சை என்று காண்கிறது. எக்ஸிடர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வுகுசிச், சாம்பிள்ஸ், லாரன்ஸ் ஆகியோர் 2000ஆம் ஆண்டில் நேச்சர் இதழில் இதை விளக்கினார்கள்.

அந்தச் செதிலின் மேற்பரப்பு பணியாரச் சட்டியைப் போன்றது. ஒவ்வொரு குழியும் ஏறத்தாழ 5 மைக்ரோமீட்டர் அகலம் கொண்டது. குழியின் வளைவு முழுவதும், சிறகு ஆகியிருக்கும் பொருளான கைட்டினும் காற்றுமாக மாறி மாறி அடுக்குகள் படிந்திருக்கின்றன. குழியின் அடித்தளத்தில் ஒளி நேராக விழுவதால் அடுக்குகள் மஞ்சளைத் திருப்புகின்றன. சரிந்த பக்கச் சுவரில் விழும் ஒளி ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில் பட்டு எதிர்ச் சுவருக்குத் தாவி, அங்கிருந்து மேலே வருகிறது. சாய்வாக விழும்போது அதே அடுக்குகள் அலைநீளம் குறைந்த ஒளியைத் திருப்பும் என்பதால் இது நீலமாக இருக்கிறது. கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தபோது நீங்கள் பார்த்த புள்ளிகள், சரியான கோணத்தில் அமைந்துவிட்ட சில சுவர்களின் ஒளியாகத்தான் இருக்க வேண்டும். அடித்தளத்து மஞ்சள், மேலிருந்து நேராக ஒளி இறங்காதவரை, வில்லைக்குள் வரவே வராது.

40 மடங்கு வில்லையில் எதுவுமே தெரியாததற்குக் காரணம் எளியது. அந்த வில்லை பொருளிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட விலகி நிற்பதில்லை. பக்கவாட்டு ஒளி நுழைவதற்கு இடமே கிடையாது.

நடுவர்களை வியக்க வைக்க வேண்டுமென்றால், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் கடக்கவிடும் ஒளிமுனைவாக்கும் தாள் இரண்டு தேடிப் பிடியுங்கள். ஒன்றை விளக்கின் முன்னும் மற்றதை வில்லைக்குப் பின்னும், ஒன்றுக்கொன்று செங்குத்தாக வையுங்கள். அடித்தளத்தில் ஒருமுறை மட்டும் பட்டுத் திரும்பிய மஞ்சள் அணைந்துபோகும். இருமுறை தாவிய நீலத்தின் முனைவாக்கத் திசை அந்தத் தாவல்களில் திரும்பிவிடுவதால், வளையங்கள் அணையாமல் நிற்கும். எந்த நிறமியாலும் இப்படி நடந்துகொள்ள முடியாது. பழைய கணிப்பானின் திரையிலிருந்து தாளை உரித்தெடுக்கலாம். திரையரங்கில் தரும் முப்பரிமாணக் கண்ணாடி பெரும்பாலும் வட்ட முனைவாக்கம் கொண்டது, அதை வைத்து முயன்றால் குழப்பமே மிஞ்சும்.

என் தொழில் சார்ந்த ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். சுலாவெசித் தீவில் வாழும் பப்பிலியோ புளூமெய் என்னும் உறவினத்தின் இதே குழியமைப்பை 2010இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் செயற்கையாக உருவாக்கினார்கள். அதற்கு டைட்டானியம் ஆக்சைடையும் அலுமினியம் ஆக்சைடையும் அணு அணுவாக அடுக்கும் முறையைக் கையாண்டார்கள். சில்லுத் தொழிலில் நாள்தோறும் புழங்கும் முறை அது. நம் ஊர்ப் பிள்ளைகள் பலருடைய பெற்றோர் அந்த இயந்திரங்களுக்குப் பக்கத்தில்தான் வேலை பார்க்கிறார்கள்.

பழைய ஆய்வுக்கூடத்தார், கோலாலம்பூர்

மேலே எழுதிய தம்பி நன்றாக விளக்கியிருக்கிறார். நான் மூன்றாவது கேள்வியை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இத்தகைய திட்டங்களில் பெரும்பாலும் அங்கேதான் ஓட்டை விழுகிறது. படம் அழகாக இருக்கும், ஆனால் அது கட்டமைப்பு நிறம்தான் என்பதற்கு ஆதாரம் இருக்காது.

ஆசிரியை கையிலுள்ள மூன்று பூச்சிகளும், திட்டமிட்டுத் தேடினாலும் கிடைக்காத அளவுக்குப் பொருத்தமானவை. கிராஃபியம் சார்ப்பிடானின் நீலப்பச்சைப் பட்டை கட்டமைப்பு நிறமே அன்று. அந்தப் பகுதியின் மேற்புறத்தில் சாதாரணச் செதில்களே இல்லை. சிறகின் சவ்வுக்குள் பித்த நிறமி வகையைச் சேர்ந்த சார்ப்பிடோபிலின் என்ற நிறமி இருக்கிறது. அதனால் அடியிலிருந்து விளக்குப் போட்டாலும் பட்டை நீலப்பச்சையாகவே தெரியும். பாலினுரஸ் பழுப்பாக மாறியதையும் சார்ப்பிடான் மாறாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும். இதற்கு எந்தப் புதுக் கருவியும் வேண்டாம். நீலமாக இருப்பதெல்லாம் கட்டமைப்பு நிறம் என்று இணையத்தில் எழுதிவிட்டுப் போகிறவர்களுக்கும் இது தக்க மறுமொழி.

அடுத்த சோதனை திரவம். காற்று இருந்த இடைவெளிகளில் திரவம் புகுந்தால் ஒளி கடக்கும் பாதையின் அளவு மாறும், அதனால் நிறமும் மாறும். தென்னமெரிக்க நீல வண்ணத்துப்பூச்சியான மார்போவை எடுத்துக்கொள்ளுங்கள். கைட்டின் தகட்டின் தடிமன் 65 நானோமீட்டர், ஒளிவிலகல் எண் 1.56, இடையிலுள்ள காற்று 125 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் அடுக்கின் தடிமனையும் அதன் ஒளிவிலகல் எண்ணால் பெருக்கி, இரண்டையும் கூட்டி, இரட்டித்தால் ஏறத்தாழ 453 நானோமீட்டர் வரும், அது நீலம். காற்றுக்குப் பதிலாக ஒளிவிலகல் எண் 1.38 கொண்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை நிரப்பிக் கணக்கிட்டால் 548 வரும், அது பச்சை. மார்போவின் சிறகில் அந்த ஆல்கஹாலை விட்டால் உண்மையிலேயே நீலம் பச்சையாகிறது; உலர்ந்ததும் மறுபடி நீலமாகிறது. படிவம் நான்கு மாணவர்கள் கையாலேயே போடக்கூடிய இந்தக் கணக்கை அறிக்கையில் சேர்க்கச் சொல்லுங்கள்.

நிறம் மங்குவதற்கும் கணக்கு உண்டு. காற்றும் கைட்டினும் சந்திக்கும் ஓர் எல்லையில், நேராக விழும் ஒளியில் 5 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகத் திரும்புகிறது. ஆல்கஹாலும் கைட்டினும் சந்தித்தால் அரை விழுக்காடுகூடத் திரும்பாது. கிராம்பு எண்ணெயின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.53, கைட்டினுக்கு மிக அருகில் இருப்பதால் ஒளிக்கு இரண்டும் ஒரே பொருளாகிவிடுகின்றன, கட்டமைப்பு நிறம் கிட்டத்தட்ட முழுவதுமாக அணைந்து மெலனின் மட்டும் எஞ்சுகிறது. பினாங்கில் கிராம்பு எண்ணெய்க்கா பஞ்சம்? பாலிக் புலாவ் பக்கம் போனால் மரமே நிற்கிறது. ஆனால் ஆல்கஹாலைப் போல அது சட்டென்று ஆவியாகாது. ஒருமுறை தொட்ட செதிலை மறுபடி பழைய நிறத்துக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. ஆகவே ஒரே சிறகில் ஆல்கஹாலை முதலிலும் கிராம்பு எண்ணெயைக் கடைசியிலும் வையுங்கள். ஆல்கஹாலுக்குப் பக்கத்தில் தீயோ சூடான விளக்கோ இருக்கக்கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

ஜுனோனியா ஒரிதியா இதில் வேறு வழியில் செல்கிறது. அதன் நீலம் அடுக்குகளால் வருவதன்று. செதிலின் அடித்தகடு என்ற ஒற்றைக் கைட்டின் படலமே நீலத்தைத் தருகிறது. அந்தப் படலம் தடிமனாக ஆக நிறம் எப்படி மாறுகிறது என்பதை ஜுனோனியா இனங்களில் அளந்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. திரவம் பட்டால் கைட்டினின் தடிமன் மாறப்போவதில்லை, ஆகவே இங்கே நிறம் மார்போவைப் போல அலைநீளம் கூடி நகராது. இருந்த இடத்திலேயே மங்கும். இன்னொரு சோதனையும் இதற்கே உரியது. சில செதில்களை மெல்லிய ஒட்டுத்தாளில் எடுத்துக் கவிழ்த்து, பின்பக்கம் மேலே தெரியும்படி கருந்தாளின் மேல் வைத்துப் பாருங்கள். மேற்புறத்து வரிமேடுகளின் குறுக்கீடு இல்லாததால் நீலம் மேலும் துலக்கமாகத் தெரியும். எல்லாச் செதில்களுக்குமே கருந்தாள் தேவை. வெள்ளைத்தாளில் வைத்தால், ஊடுருவிய ஒளியெல்லாம் தாளில் பட்டுத் திரும்பிவந்து நிறத்தை வெளுக்கச் செய்துவிடும்.

மின்னணு நுண்ணோக்கி குறித்து என் கருத்தைக் கேட்டால், அதற்கு அவசரம் வேண்டாம் என்பேன். கிளைட் மேசன் 1926, 1927ஆம் ஆண்டுகளில் பூச்சிகளின் நிறங்களை ஒளி நுண்ணோக்கியில் வைத்து, திரவங்களில் நனைத்துப் பார்த்தே, பளபளக்கும் நிறங்கள் பலவற்றுக்கு மெல்லிய படலங்கள்தான் காரணம் என்ற முடிவுக்கு வந்துவிட்டார். மார்போவின் தகடுகளை ஆண்டர்சனும் ரிச்சர்ட்ஸும் மின்னணு நுண்ணோக்கியில் காட்டியது 1942இல். படம் பின்னால் வந்தது, வாதம் முன்னாலேயே முடிந்திருந்தது.

வருடுபவள், ஜெலுத்தோங்

ஐயா சொல்வதை ஏற்றுக்கொண்டாலும், கடைசி வரியில் எனக்கு உடன்பாடில்லை. இவ்வளவு நானோமீட்டர் இடைவெளி என்று சொல்வதற்கு அளந்து பார்த்த சான்று வேண்டும். நிற மாற்றத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் தகட்டின் தடிமனும் இடைவெளியும் தனித்தனியாகக் கிடைப்பதில்லை, இரண்டும் சேர்ந்த ஒரே எண்தான் கிடைக்கும். ஒளி நுண்ணோக்கியால், மிகச் சிறந்த எண்ணெய் வில்லையைப் போட்டாலும், ஏறத்தாழ 0.2 மைக்ரோமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்ட முடியாது. இந்த அடுக்குகள் அதைவிட மெல்லியவை. மின்னணு நுண்ணோக்கி இல்லாமல் அவை கண்ணில் படவே படா.

ஆனால் ஆசிரியை எதிர்பார்ப்பது அங்கே கிடைக்குமா என்றால், அதற்கு விடை வேறு. வருடு மின்னணு நுண்ணோக்கியில் நிறம் கிடையாது. கருப்பும் சாம்பலும் வெள்ளையுமாகவே படம் வரும். இணையத்தில் காணும் வண்ணப் படங்கள் பின்னால் கணினியில் தீட்டப்பட்டவை, அவற்றைப் பார்த்துவிட்டு மாணவர்கள் ஏமாறக்கூடாது. கைட்டின் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் சில நானோமீட்டர் அளவில் தங்கமோ பிளாட்டினமோ பூசியாக வேண்டும். பூசிய செதிலைக் கொண்டு மறுபடி நிறச் சோதனை செய்ய முடியாது. அதனால் எந்தச் செதிலை வருடப்போகிறீர்களோ அதை முதலில் ஒளி நுண்ணோக்கியில் படம் எடுத்து, அடையாளத்துக்குப் பக்கத்தில் ஊசியால் ஒரு கீறல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதே செதிலின் மஞ்சள் புள்ளியும் மின்னணுப் படத்திலுள்ள குழியும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்துவதைக் காட்டினால், அந்த ஒரு படம் பத்துப் பக்க விளக்கத்துக்கு மேலானது.

இன்னொன்று, மேலிருந்து வருடினால் குழிகளின் வாய் மட்டுமே தெரியும், உள்ளேயுள்ள அடுக்குகள் தெரியா. அவற்றைக் காணக் குறுக்குவெட்டு வேண்டும். திரவ நைட்ரஜனில் உறையவைத்து உடைத்த செதிலின் விளிம்பைச் சாய்த்து வைத்துப் பார்க்கலாம். தடிமனைத் துல்லியமாக அளக்கப் பிசினில் பதித்து, ஏறத்தாழ 70 நானோமீட்டர் சீவல்களாக வெட்டி ஊடுருவு மின்னணு நுண்ணோக்கியில் பார்ப்பதே முறை. அது பள்ளித் திட்டத்துக்கு மிகையானது. அந்தத் தந்தையிடம், மேலிருந்து ஒரு படமும் உடைந்த விளிம்பில் ஒரு படமும், அளவுக்கோடு தெரியும்படி, எடுத்துத் தரச் சொல்லுங்கள், போதும்.

மாணவர்கள் ஆர்வத்தில் ராஜா புரூக் பறவைச்சிறகியின் சிறகையும் தேடக்கூடும். 1855இல் ஆல்பிரட் ரஸல் வாலஸ் பெயரிட்ட அந்தப் பூச்சி நம் நாட்டின் தேசியப் பட்டாம்பூச்சி; அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலிலும் இருக்கிறது. பழைய கண்ணாடிச் சட்டத்தில் கிடைத்தாலும் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் கேட்காமல் அதை எடுத்துக் கண்காட்சியில் வைக்க வேண்டாம்.

அறிவியல் மன்ற ஆசிரியை, புக்கிட் மெர்தாஜாம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சார்ப்பிடானை அடிவிளக்கில் வைத்துப் பார்த்தோம். ஐயா எழுதியபடி நீலப்பச்சை அப்படியே இருக்கிறது. பக்கத்திலேயே பாலினுரஸின் பழுப்பையும் பார்த்ததும், மாணவர்கள் நான் விளக்கத் தொடங்குவதற்கு முன்பே காரணத்தைச் சொல்லிவிட்டார்கள். வருடுவதை இறுதிக்கு ஒதுக்கிவிட்டோம்.

ஒரே ஒரு தடை எஞ்சியிருக்கிறது. உலோகவியல் நுண்ணோக்கி பள்ளி விடுமுறைக்கு முன் கிடைக்க வழியில்லை. மேலிருந்து நேராக ஒளி இறக்குவதற்குப் பள்ளி நுண்ணோக்கியிலேயே ஏதேனும் செய்ய முடியுமா?

பழுதாய்வாளன், பாயான் லெப்பாஸ்

முடியும். நுண்ணோக்கியில் பொருளை வைக்கும் கண்ணாடித் தகட்டை மூடப் பயன்படும் மெல்லிய மூடுகண்ணாடியில் ஒரு சிறு துண்டை எடுத்து, பொருளருகு வில்லைக்கும் சிறகுக்கும் நடுவே 45 பாகைச் சாய்வில் களிமண்ணால் நிறுத்துங்கள். கைப்பேசி விளக்கை மேசைக்கு இணையாகப் பக்கவாட்டிலிருந்து அதன்மேல் அடித்தால், ஒளியில் ஒரு சிறு பங்கு கண்ணாடியில் பட்டுச் செங்குத்தாகக் கீழே இறங்கும். சிறகிலிருந்து திரும்பி மேலெழும் ஒளியில் பெரும்பங்கு அதே கண்ணாடியைக் கடந்து வில்லைக்குள் போகும். அடிவிளக்கை அணைத்துவிட வேண்டும், அறையும் இருட்டாக இருக்க வேண்டும். விளக்குக்கு நேரெதிர்ப்புறம் ஒரு கருந்துணியை வைத்தால், கண்ணாடியைக் கடந்து போகும் வீண் ஒளி சுவரில் பட்டுத் திரும்பி வந்து படத்தை வெளுக்காது.

எந்த வில்லை என்பதில்தான் கவனம் தேவை. வில்லையின் உடலில் மடங்கு எண்ணுக்குப் பக்கத்தில் 0.10, 0.25, 0.65 என்று பொறித்திருக்கும். ஒளியின் அலைநீளத்தை அந்த எண்ணின் இரு மடங்கால் வகுத்தால் அவ்வில்லை பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி வரும். பச்சை ஒளிக்கு 4 மடங்கு வில்லையில் அது ஏறத்தாழ 2.8 மைக்ரோமீட்டர், குழி 5 மைக்ரோமீட்டர்தான் என்பதால் புள்ளிகள் இருப்பது தெரியுமே தவிர, மஞ்சளும் நீலமும் நன்றாகப் பிரியா. 10 மடங்கு வில்லையில் 1.1 மைக்ரோமீட்டர், அது தாராளமாகப் போதும். ஆனால் அந்த வில்லைக்கும் சிறகுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடம்தான் இருக்கும் என்பதால் மூடுகண்ணாடியைக் குறுகிய பட்டையாக நறுக்கிக்கொள்ளுங்கள். கண்ணாடி வெட்டும் பேனாவால் ஒரு கோடு கீறி அழுத்தினால் நேராக உடையும். அதை மாணவர்களிடம் கொடுக்காமல் நீங்களே கண்ணுக்குக் காப்புக்கண்ணாடி அணிந்து செய்யுங்கள். முதலில் 4 மடங்கு வில்லையில் பெரிய துண்டை வைத்துக் கோணத்தைப் பழகிக்கொண்டு, பிறகு 10க்கு மாறுவது நல்லது.

முனைவாக்கத் தாள்களையும் இதிலேயே பயன்படுத்தலாம்: ஒன்றை விளக்கின் முகத்திலும் மற்றதைக் கண்ணருகு வில்லையின் மேலும் வையுங்கள். சாய்ந்து நிற்கும் மூடுகண்ணாடியும் தன் பங்குக்கு ஒளியை ஓரளவு முனைவாக்கும். அதனால் விளக்கின் தாளை முதலில் மெதுவாகத் திருப்பி, சிறகின்மேல் விழும் ஒளி எந்த நிலையில் மிகவும் பொலிவாக இருக்கிறதோ அங்கேயே ஒட்டிவிடுங்கள். அதன் பிறகு கண்ணருகுத் தாளை மட்டும் திருப்பி, மஞ்சள் அணையும் நிலையைத் தேடுங்கள்.

சிறகு முற்றிலும் தட்டையாக இல்லாவிட்டால் ஒரு மூலையில் மட்டும் நிறம் தெரியும். ஆகவே முழுச் சிறகை வைக்காமல், பச்சைப் பட்டையிலிருந்து ஓர் அரிசி அளவு வெட்டி, கருந்தாளில் இருபுற ஒட்டுத்தாளால் படிய ஒட்டுங்கள்.

படம் எடுக்கக் கைப்பேசியின் கேமராவைக் கண்ணருகு வில்லையில் பொருத்தும்போது, தானாக வெண்மையைச் சரிசெய்யும் அமைப்பை நிறுத்திவிடுங்கள். நிறுத்தாவிட்டால், மஞ்சள் அணைந்து நீலம் மட்டும் எஞ்சும் அந்தக் கணத்தில் கைப்பேசி அதைச் சாம்பலாக்கித் தந்துவிடும்.